வெள்ளிக்குழலில் ஏறிய கறுப்பு

சிவபாண்டி கல்யாண ஊர்வலத்தில் டிரம்பெட் ஊதிவிட்டு வீடு திரும்பும்போது, அவன் மனைவி கனகலட்சுமி அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. முகத்தை நம்பி அவள் ஏமாந்த காலம் உண்டு. அப்போதெல்லாம் சிரித்த முகமாகத்தான் வருவான். வாயில் பாக்கைக் குதப்பிக்கொண்டு நாலு வார்த்தை அன்பாகப் பேசுவான். அப்புறம் செருப்பைக் கழற்றும்போது சுவரைப் பிடிப்பான். ஆகவே அவள் பார்ப்பது அவன் தோளில் தொங்கும் பெட்டியைத்தான். அதை வாங்கி மேசைமேல் வைத்து, கொக்கியை நீக்கி, சுற்றியிருக்கும் துணியை விலக்கி, உள்ளே கிடக்கும் குழலைப் பார்ப்பாள். குழல் வெள்ளையாக இருந்தால் சோறு போடப் போவாள்.

பேண்டு செட்டில் மற்றவர்களுடைய வாத்தியமெல்லாம் மஞ்சள் பித்தளை. சிவபாண்டியுடையது மட்டும் வெள்ளி முலாம் பூசியது. தேவாலய வாத்தியக் குழுவில் வாசித்து ஓய்ந்துபோன ஒரு பெரியவரிடமிருந்து, கல்யாணமான புதிதில் அவன் அதை வாங்கினான். ஊர்வல விளக்கு வெளிச்சத்தில் அது மின்னும்போது வீடியோ எடுக்கிறவன் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்புவான். திருநகரிலிருந்து திருமங்கலம் வரைக்கும் அவனுக்கு ‘வெள்ளிக்குழல் பாண்டி’ என்றுதான் பேர்.

ஆனால் வெள்ளி என்பது ரோஷக்காரப் பெண் மாதிரி. கவனிக்காமல் விட்டால் முகம் கறுத்துவிடும். ஊதி முடித்ததும் உள்ளே தேங்கிய எச்சில் நீரை வடிக்க வேண்டும். கை பட்ட இடமெல்லாம் வேர்வை போகத் துடைக்க வேண்டும். பிறகு மெத்தென்ற துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். குடித்துக் கிடந்த வருஷங்களில் சிவபாண்டி இதில் ஒன்றையும் செய்ததில்லை. கழற்றிப் போட்ட சட்டை மாதிரி குழலை மூலையில் போடுவான். இரண்டே நாளில் அவன் விரல்கள் பதிந்த இடத்தில் கறுப்புத் தடம் விழும். அப்படித்தான் அந்தக் குழல் கனகலட்சுமிக்குச் சாட்சி சொல்லக் கற்றுக்கொண்டது.

அவளுக்குக் கறுப்பைக் கண்டுபிடிக்கிற கண் பிறவியிலேயே வந்தது. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்களில் கூலிக்குப் போன குடும்பம் அவளுடையது. அவள் அப்பா காலத்தில் ஒரு சாண் நிலம் சொந்தமாகக் கிடையாது. தம்பி முத்திருளன் தலையெடுத்த பிறகுதான் ஒரு கொடிக்காலைக் குத்தகைக்குப் பிடித்து, மெல்ல அதைச் சொந்தமாக்கினான். பாவாடை கட்டிய வயதிலேயே வெற்றிலையைக் கவுளி கவுளியாக அடுக்க உட்காருவாள் கனகலட்சுமி. ஓர் இலையில் நகக்கண் அளவு கறுப்பு இருந்தாலும் எடுத்து எறிந்துவிட வேண்டும். விட்டால் மறுநாள் அடுக்கு முழுவதும் அழுகிவிடும். இலையைக் கையில் வாங்கும்போதே அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். வாழ்க்கையையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். ஒரு புள்ளியை மன்னித்தால் அடுக்கையே இழப்போம் என்று அவள் நம்பினாள். அப்படி நம்பும்படியாகத்தான் அவளுக்குப் புருஷனும் வாய்த்தான்.

மகள் பவதாரிணிக்குச் சடங்கு சுற்றிய அன்று, தாய்மாமன் முத்திருளன் தாம்பாளத் தட்டுகளோடு சீர் கொண்டுவந்தான். அந்த ஊர்வலத்தில் தானே ஊதுவேன் என்று அடம்பிடித்தான் சிவபாண்டி. ஆசையாகத்தான் ஆரம்பித்தான். தெரு முக்கு திரும்புவதற்குள் கால் பின்னியது. குழல் சாக்கடையில் விழ, அவன் அதன் பக்கத்தில் விழுந்தான். சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பட்டுப் பாவாடையில் நின்ற பிள்ளை மட்டும் வாய்விட்டு அழுதது. மறுநாள் விடிந்ததும் கனகலட்சுமி மகளைக் கூட்டிக்கொண்டு சோழவந்தானுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அவன் அங்கே தேடி வந்தான். வெறுங்கையோடு வரவில்லை, சாக்கடை அழுக்கைக் கழுவி, மேனி முழுக்கத் துலக்கி, வெள்ளிக்குழலைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான். முத்திருளன் வீட்டுப் படியில் நின்று அதன்மேல் உள்ளங்கையை வைத்தான்.

“இந்தக் குழல் மேல சத்தியம் மாப்ள. இனிமே அதைத் தொட்டேன்னா, இது எனக்கு ஊதாமப் போகட்டும்.”

வாத்தியக்காரன் சாமிமேல் சத்தியம் செய்தால்கூட ஒரு கண் சிமிட்டலுக்கு இடம் உண்டு. தொழில்மேல் சத்தியம் செய்தால் கிடையாது. முத்திருளன் குழலையும் அதன்மேல் இருந்த கையையும் பார்த்தான். பிறகு, “தொழில் மேல கை வச்சுட்டீங்க மச்சான்,” என்றான். “நம்புறேன். ஆனா இன்னொருக்கா எங்க அக்கா இந்தப் படி ஏறுச்சுன்னா, நான் திருப்பி அனுப்ப மாட்டேன்.”

அன்று முதல் குழல் வெள்ளையாக இருந்தது. கனகலட்சுமியின் பழைய நூல் சேலை ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில்தான் அதைச் சுற்றினான் சிவபாண்டி. ஒவ்வொரு முறை பெட்டியைத் திறக்கும்போதும் தன் சேலையின் மடிப்புக்குள் அது குழந்தை மாதிரி கிடப்பதைப் பார்க்க அவளுக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். வெளியே சொல்லமாட்டாள்.

வருஷங்கள் ஓடின. பவதாரிணி திண்டுக்கல்லில் விடுதியில் தங்கி நர்ஸிங் படிக்கப் போனாள். செலவுக்கு ஈடுகொடுக்கக் கனகலட்சுமி கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். சூடாக அச்சிலிருந்து வரும் ரப்பர் வளையங்களின் ஓரத்துப் பிசிறை வெட்டி எடுக்கிற வேலை. சேலைக்குமேல் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அந்த ஆவிக்குள் உட்கார்ந்திருப்பாள். முதல் வாரம் தலை வலித்தது. அப்புறம் பழகிவிட்டது. கால் விரலில் மெட்டி கறுத்துப்போனதைக்கூட எண்ணெய் அழுக்கு என்று நினைத்து விட்டுவிட்டாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச காலத்தில் பழைய நூல் சேலை நைந்து கிழிந்தது. அவள் கம்பெனிக்குக் கட்டிச் சாயம் போன பச்சைச் சேலை ஒன்றைப் பிடிதுணிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள். சிவபாண்டி அதை எடுத்து மடித்துக் குழலைச் சுற்றிக்கொண்டான். அதில் யாரும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. அதைவிட மெத்தென்ற துணி அந்த வீட்டில் இல்லை.

அப்புறம்தான் குழல் கறுக்கத் தொடங்கியது.

முதலில் மங்கலாக ஒரு மஞ்சள். பிறகு டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு. ஆவணி முகூர்த்தங்கள் முடிவதற்குள் விரிந்த வாயின் ஓரத்தில் கறுப்பு படர்ந்துவிட்டது. கனகலட்சுமி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். ஒன்றும் கேட்கவில்லை. வெற்றிலையில் புள்ளியைக் கண்ட விரல் மாதிரி மனசு மட்டும் கூசியது. அடுத்த முறை திறந்தபோது குழல் பளிச்சென்று இருந்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இல்லை. ரொம்பப் பளிச்சென்று இருந்தது. தப்புச் செய்தவன் நெற்றி நிறையப் பட்டை அடித்துக்கொண்டு வருவானே, அந்தப் பளிச்சு.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வேலைக்குப் போனவள், கம்பெனியில் கரண்ட் போய்விட்டதால் மத்தியானமே திரும்பினாள். வீட்டில் அவனைக் காணவில்லை. மொட்டை மாடியில் துணி எடுக்க ஏறியபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கிண்ணத்தில் விபூதியைக் குழைத்து வைத்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுக்கக் குழலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“என்னத்தய்யா ஒளிக்கிற?”

அவள் அவனை ‘ங்க’ போடாமல் பேசுவது, அந்தச் சடங்கு நாளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

“ஒண்ணுமில்ல கனகு. சும்மா தொடைச்சேன்.”

“தொடைக்கிறவன் எதுக்குத் தொட்டிக்குப் பின்னாடி ஒளியணும்?”

“நீ இப்படிக் கேப்பேன்னுதான்.”

அவன் நிஜத்தைத்தான் சொன்னான். தினமும் துடைத்தும், தினமும் சுற்றி வைத்தும் அது ஏன் கறுக்கிறது என்று அவனுக்கே விளங்கவில்லை. அவள் என்ன நினைப்பாள் என்பது மட்டும் விளங்கியது. அந்தப் பயத்தில் அவளுக்குத் தெரியாமல் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கப் பயம் கூடியது. ஆனால் அந்த நிமிஷத்தில் அவள் கண்ணுக்குத் தெரிந்தது ஒளித்த கை மட்டும்தான்.

“சத்தியமாத் தொடல. எங்க செட்டு பீமாராவ வேணும்னாக் கேளு. பவா மேல வேணும்னா…”

“பிள்ளையை இழுக்காத. ஏற்கெனவே பண்ணின சத்தியந்தான் கறுத்துக் கிடக்கே.”

அன்று சாயங்காலம் பீமாராவ் வந்தான். பேண்டு செட்டை நடத்துகிறவன். சைடு டிரம் அடிப்பான். அம்பேத்கர் பேரை மகனுக்கு வைத்த தகப்பனுக்குப் பிறந்து, பேருக்குப் பங்கம் வராமல் ஒழுங்காக இருக்கிறவன். “மதினி, அண்ணன் எங்க கூட டீதான் குடிக்குது, அதுவும் சீனி இல்லாம,” என்று சாதித்தான். கனகலட்சுமி அவனுக்கும் ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, ஊதுகிறவனுக்கு அடிக்கிறவன் சாட்சியா என்று கேட்டு அனுப்பிவிட்டாள். குடிகாரன் வேர்வையில் சாராயம் கசியும் என்றும், அதுதான் வெள்ளியைக் கறுக்க வைக்கும் என்றும் அவளுக்குள் ஒரு கணக்கு உறுதியாகிவிட்டது.

ஆனாலும் தம்பி வீட்டுக்குப் போகவில்லை. முத்திருளன் வார்த்தை மனசில் இருந்தது. இந்த முறை படி ஏறினால் இறங்க முடியாது. அந்த ஒரு படிக்கு இந்தப் பக்கம் அவளுடைய பாதி ஆயுசு கிடந்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிற மகள் எந்த வீட்டுக்கு வருவாள் என்ற கேள்வி இருந்தது. மறுபுறம் வாசலில் அவன் அவிழ்த்துப் போடுகிற செருப்பின் சத்தமும் இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். மார்கழியில் கல்யாணம் கிடையாது. அவன் வழக்கம்போல பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் போவான். குழலுக்கு வேலை இல்லை.

“மார்கழி பூராவும் இது என் பீரோவுக்குள்ள இருக்கட்டும்,” என்றாள். “சாவி என் இடுப்புல. உன் கை படக்கூடாது. தை பொறந்து தொறக்கையில வெள்ளையா இருந்துச்சுன்னா, இம்புட்டு நாளும் கறுக்க வச்சது உன் கைதான். நான் தம்பி வீட்டுக்குப் போறேன்.”

சிவபாண்டி கேட்டான்:

“கறுத்திருந்தா?”

அதை அவள் யோசித்திருக்கவில்லை. “கறுக்காது,” என்றாள்.

அவன் கடைசியாக ஒரு தடவை அதைத் துலக்கினான். இந்த முறை ஒளியவில்லை. நடுக்கூடத்தில் அவள் முன்னால் உட்கார்ந்து துலக்கினான். பச்சைச் சேலையை நீளவாக்கில் மடித்து, குழந்தைக்குத் துணி சுற்றுவதுபோல் இறுக்கிச் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினான். அவள் வாங்கிப் பூட்டினாள்.

அந்த மார்கழியை அவள் எப்படிக் கழித்தாள் என்பதைச் சொல்லி மாளாது. அவன் பெயிண்ட் கறையோடு வருவான், குளிப்பான், சாப்பிடுவான். டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவன் வலது கையின் மூன்று விரல்களும் தொடைமேல் மாறி மாறி அழுந்தும். மனசுக்குள் ஏதோ ஒரு பாட்டை ஊதிக்கொண்டிருக்கிறான் என்று தெரியும். இடுப்புச் சாவி அழுத்தும். குழல் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, கறுத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா? பிள்ளையார் கோயில் வாசலில் கையைக் குவித்துக்கொண்டு நின்று, எதைக் கேட்பது என்று தெரியாமல் வெறுமனே கும்பிட்டுவிட்டு வந்த பெண்சாதி மதுரையில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பொங்கல் கழிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சாவியை எடுத்தாள். சிவபாண்டி வாசல்படிக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டான். தீர்ப்புக்குக் காத்திருப்பவன் மாதிரி உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

பீரோவைத் திறந்தாள். பெட்டியைத் திறந்தாள். சேலையைப் பிரித்தாள்.

குழல் கத்தரிக்காய்த் தோல் மாதிரி கறுத்துக் கிடந்தது.

இந்த அளவுக்கு அது எப்போதும் கறுத்ததில்லை. அவன் குடித்துப் புரண்ட காலத்தில்கூட இல்லை. ஊதாவும் கறுப்புமாக அடியிலிருந்து வாய் வரை படர்ந்திருந்தது. அதுகூடப் பெரிதில்லை. உற்றுப் பார்த்தாள். அந்தக் கறுப்பில் விரல் தடம் ஒன்றுகூட இல்லை. இருந்தது சேலையின் தடம். துணி ஒட்டி அழுந்திய இடமெல்லாம் கறுப்பு. மடிப்பு தூக்கி நின்ற இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு கோடாக விட்டிருந்தது. அவளுடைய சேலைக் கொசுவத்தை யாரோ குழல்மேல் வரைந்து வைத்தது மாதிரி.

எட்டிப் பார்த்த சிவபாண்டியின் முகம் வெளுத்தது.

“நான் தொடலையே கனகு,” என்றான்.

குற்றம் சாட்டப்பட்டே பழகியவன் பேச்சு அது. அவள் போட்ட கணக்கே அவனை விடுவித்துவிட்டது. அது அவனுக்கே எட்டவில்லை. கனகலட்சுமி இடுப்பிலிருந்து சாவியை உருவி மேசைமேல் வைத்தாள். அன்று முழுக்க இருவரும் ஒரு சாவு வீட்டில் இருப்பது மாதிரி மெல்ல நடமாடினார்கள்.

மறுநாள் அந்தப் பச்சைச் சேலையை ஒரு பையில் போட்டுக் கம்பெனிக்கு எடுத்துப் போனாள். அவளோடு ஒரே மேசையில் பிசிறு வெட்டும் ஒச்சாயி, அந்தக் கம்பெனி திறந்த நாளிலிருந்து இருப்பவள். வாயில் புகையிலையும் நாக்கில் நக்கலும் எப்போதும் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் கனகலட்சுமி விஷயத்தைச் சொன்னாள். புருஷன் பேரை மட்டும் விட்டுவிட்டு, வெள்ளிச் சாமான் ஒன்றை இதில் சுற்றி வைத்ததாகச் சொன்னாள். ஒச்சாயி சேலையை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரிகள் திரும்பினார்கள்.

“ஏத்தா, கந்தகத்துல புரண்டு எந்திரிச்ச சேலைய யாராச்சும் வெள்ளிக்குப் போர்த்துவாகளா? உன் மெட்டியப் பாரு. என் மெட்டியப் பாரு. இங்க உக்காந்திருக்க ஒருத்தி கால்லயாவது வெள்ளி வெள்ளையா இருக்கா?”

கனகலட்சுமி குனிந்து பார்த்தாள். மேசைக்கு அடியில் வரிசையாகப் பாதங்கள். எல்லா விரல்களிலும் கறுத்த மெட்டிகள்.

ரப்பரில் கலக்கிற மஞ்சள் பொடி கந்தகம் என்றும், அதன் ஆவி படிந்த துணியை எத்தனை தண்ணீரில் அலசினாலும் அந்தக் குணம் போகாது என்றும், பிள்ளையின் வெள்ளி அரைஞாணைத் தன் மருமகள் தன்னைத் தொடக்கூட விடுவதில்லை என்றும் ஒச்சாயி சொல்லிக்கொண்டே போனாள். கனகலட்சுமி சேலையை மூக்கில் வைத்து முகர்ந்தாள். ஒரு வாசமும் தெரியவில்லை. அந்த வாசத்துக்குள்ளேயே இருப்பவளுக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கோலம் அழிந்த வாசலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். கறுக்க வைத்தது அவன் கை இல்லை, தன் சேலை என்பதையும் சொன்னாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அவனோ வேறு எதையோ இழந்தவன் மாதிரி கேட்டான்:

“அப்ப அந்தச் சேலையில சுத்தக் கூடாதா?”

“அதான் சொல்றேனே. வேற துணி தைச்சுத் தாரேன். எம்புட்டோ நல்ல துணி இருக்கு.”

சிவபாண்டி கீழே பார்த்துக்கொண்டு பேசினான். கல்யாண மண்டபங்களில் பின்பக்கம் எப்போதும் பாட்டில் திறந்திருக்கும். வாத்தியக்காரனைக் கூப்பிட்டுக் கொடுப்பது அவர்களுக்கு ஒரு மரியாதை. “மாப்ள, ஒரு வாய்,” என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். நாக்கு ஊறும். அப்போது அவன் பெட்டியைத் திறப்பான்.

“தொறந்தா உன் வாசம் வரும். கம்பெனியில இருந்து வந்து நீ பக்கத்துல உக்காரும்போது வருமே, அந்த வாசம். நீ எதிர்ல நிக்கிற மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் கால் போகாது. அதுக்காகத்தான் அந்தச் சேலைய எடுத்தேன்.”

கனகலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எந்த வாசம் குழலைக் கறுக்க வைத்ததோ, அதே வாசம் அவனை வெள்ளையாக வைத்திருந்திருக்கிறது. அவள் பார்த்தது குழலை மட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாடிக்குப் போனார்கள். இந்த முறை தொட்டிக்குப் பின்னால் இல்லை. நடு மாடியில், வெயிலில், பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அவன் குழலைப் பகுதி பகுதியாகக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசினான். விபூதி வேண்டாம் என்று முலாம் பூசுகிற கடையில் சொல்லியிருந்தார்கள். இப்போது வருகிற விபூதியில் என்னென்னவோ கல்மாவு கலந்திருக்கிறது, அது வெள்ளியைச் சுரண்டிவிடும் என்றார்களாம். பாலிஷ் தொட்ட பனியன் துணியால் ஒரே போக்காகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. பெட்டிக்குள் இரண்டு சாக்பீஸ் போட்டு வைத்தால் ஈரம் இழுத்துக்கொள்ளும். இதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல, கனகலட்சுமி கையை நீட்டித் துணியை வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் குழலைச் சோதித்திருக்கிறாளே தவிர, ஒரு தடவைகூடத் துடைத்ததில்லை.

கறுப்பு மெல்ல விலகியது. சேலை மடிப்பின் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. உள்ளிருந்து வெள்ளி ஒரு வெட்கத்தோடு எட்டிப் பார்த்தது. ஆனால் நடுப்பகுதியில், இடது உள்ளங்கை பிடிக்கிற இடத்தில், எவ்வளவு துடைத்தும் வெள்ளை வரவில்லை. மஞ்சளாக இருந்தது.

“இது ஏன் போகமாட்டேங்குது?”

“அது அழுக்கில்ல கனகு. பித்தளை. அங்க வெள்ளி தீந்துபோச்சு.”

“எப்படித் தீரும்?”

அவன் கண் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்த் திரும்பியது. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் பார்த்துவிடுவாள் என்று பயந்து பயந்து அவன் தேய்த்த இடம் அது. அவள் சந்தேகம்தான் அந்த வெள்ளியைத் தின்றிருக்கிறது. இலையில் ஒரு புள்ளியைக் கண்டாலே எடுத்து எறிந்து பழகியவள், இந்த மஞ்சளை எங்கே எறிவாள்? இரண்டு கண்ணிலும் நீர் கோத்துக்கொண்டது.

“திரும்ப முலாம் பூசினா?”

“பூசலாம். முழுசா உரிச்சிட்டுப் பூசணும். வேணாம், இருக்கட்டும். அங்க என் கை இருக்கும். வெளிய யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே,” என்றாள்.

“உனக்குத் தெரியட்டும்,” என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதைவிடப் பெரிய தண்டனையும் அதைவிடப் பெரிய மன்னிப்பும் அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை.

தை மாதத்து முதல் வாசிப்பு தெற்குமாசி வீதிப் பக்கம், ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்துக் கல்யாணம். அவளுக்குக் கம்பெனி விடுமுறை. அவள் புதிதாகத் தைத்த வெள்ளைத் துணி உறையில் குழலைப் போட்டான் சிவபாண்டி. பெட்டியை மூடினான். மறுபடி திறந்தான். கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான். சோப்பு வாசமும் சாக்பீஸ் வாசமும்தான் வந்திருக்கும். அவன் முகத்தில் ஓடிய பயத்தைக் கனகலட்சுமி பார்த்தாள். முகத்தைத்தான் பார்த்தாள்.

அடுப்பை அணைத்தாள். கம்பெனிக்குக் கட்டுகிற சேலைகளில் ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.

“நீ எங்க கிளம்பிட்ட?”

“உங்க கூடத்தான் வாரேன்.”

“பேண்டு செட்டுல பொம்பளைக்கு என்ன வேலை? பீமாராவ் சிரிப்பான்.”

“சிரிச்சுக்கட்டும். வாசம் வேணும்னீங்கல்ல? நடங்க, பஸ் போயிரும்.”

பஸ் நிறுத்தத்தில் காத்திருந்த பீமாராவ் சிரிக்கத்தான் செய்தான். மதினிக்கும் ஒரு சட்டை தைத்துவிடலாமா என்று கேட்டான். பஸ் வந்ததும் அவள் முதலில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் போட்டு, சிவபாண்டியின் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கொக்கியை அவள் தொடவில்லை.